புட்டு மாவுப் பதத்தில் ஒரு மலை: கரையோர மலைகளின் வசந்தகாலப் பனிச்சரிவு

ஏப்ரல் நடுவில் கனடாவின் வான்கூவரில் செர்ரி மரங்கள் பூத்துக் கொட்டும். நடைபாதையெல்லாம் இளஞ்சிவப்பு. ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடக்கிற வெயில். அப்படியே வடக்கே நிமிர்ந்து பார்த்தால், கடல் கழிக்கு அந்தப் பக்கம் மலைகள் மட்டும் இன்னும் ஜனவரியிலேயே நிற்பதுபோல் வெள்ளையாக இருக்கும். அவற்றில் ஒன்றான சீமோர் மலையின் உச்சி 1,449 மீட்டர்தான். ஏற்காட்டின் உயரத்தைக்கூட எட்டாது. வீட்டில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் மலைமேல் கார் நிறுத்தும் இடத்தில் இறங்கிவிடலாம். நன்றாகப் பனி விழுந்த ஆண்டென்றால் அங்கே இன்னும் ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கும்.

சனிக்கிழமை அந்த நிறுத்துமிடத்தில் நின்று வேடிக்கை பார்த்தால் தெரியும். அரைக்கால் சட்டையும் ஓட்டக் காலணியுமாக இளைஞர்கள், பிள்ளையைத் தோளில் ஏற்றிய அப்பாக்கள், கறுப்புக் கண்ணாடி, சிப்ஸ் பாக்கெட். வெயில் அடிக்கிறது, பனி உருகுகிறது, குளிர்காலம் முடிந்தது, இனி என்ன பயம் என்ற நினைப்பு எல்லார் முகத்திலும் இருக்கும். எனக்கும் முதல் இரண்டு வருடம் அந்த நினைப்புத்தான் இருந்தது.

பனிச்சரிவு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சியாச்சின். 2016 பிப்ரவரியில் அங்கே ஒரு காவல் முகாமே புதைந்து 10 ராணுவ வீரர்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். அது 19,000 அடிக்கு மேல், எலும்பு வரைக்கும் குளிரும் இடம். அதனால் பனிச்சரிவு என்பது கடுங்குளிரின் வேலை என்று நம் மனதில் பதிந்துவிட்டது. பசிபிக் கரையோர மலைகளில் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வருவது வேறு ஜாதி. அங்கே குளிர்தான் மலையைப் பிடித்து நிறுத்துகிறது. அது கையை விட்டதும் சரிகிறது.

சுமைதூக்கிகள் இறங்கிப் போன நாள்

1898-ல் நடந்ததைச் சொன்னால் விஷயம் சுலபமாகப் பிடிபடும். அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் டையீ என்று ஒரு துறைமுக ஊர் இருந்தது. அங்கிருந்து மலையேறிச் சில்கூட் கணவாயைத் தாண்டினால் கனடா; அதற்கும் அப்பால் யூகான் பகுதி. யூகானின் குளோண்டைக்கில் தங்கம் கிடைக்கிறது என்ற சேதி பரவி, ஆயிரக்கணக்கான பேர் அந்த வழியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஓராண்டுக்கான சாப்பாடும் தட்டுமுட்டும் இல்லாதவரைக் கனடா போலீஸ் எல்லையில் விடவில்லை. ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் சாமான். அதை மூட்டை மூட்டையாகப் பிரித்து, ஒரே ஏற்றத்தைப் பல பத்துத் தடவை ஏறி இறங்கித்தான் கடத்த முடியும். கணவாயின் உயரம் சுமார் 1,070 மீட்டர். நம் ஏலகிரி அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆண்டு வசந்தம் தொடங்கும் நேரத்தில் கனத்த ஈரப்பனி நாள்கணக்கில் கொட்டியது. அதன் பின்னாலேயே தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. கூலிக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்த டிலிங்கிட் பழங்குடிச் சுமைதூக்கிகள் இனி மேலே போக மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கூலி போனால் போகட்டும் என்று இறங்கியும் விட்டார்கள். தங்க அவசரத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை.

ஏப்ரல் 3, குருத்தோலை ஞாயிறு. விடிவதற்கு முன்பே சின்னச் சின்னச் சரிவுகள் விழ ஆரம்பித்தன. அப்போதுதான் மேல் முகாமில் இருந்தவர்களுக்குப் பயம் பிடித்தது. ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கீழ் முகாமை நோக்கி இறங்கினார்கள். அந்த வரிசையின்மேல்தான் பெரிய சரிவு வந்து விழுந்தது. 60 பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கு. பட்டியலுக்குப் பட்டியல் எண்ணிக்கை மாறுகிறது. டையீ ஊர் இன்று இல்லை. அவர்களைப் புதைத்த கல்லறைத் தோட்டம் மட்டும் காட்டுக்குள் இருக்கிறது. பலகைக்குப் பலகை பெயர் வேறு, ஊர் வேறு, தேதி மட்டும் ஒன்றே.

கருவி ஒன்றும் இல்லாமல் சுமைதூக்கிகள் அதை எப்படிக் கண்டுகொண்டார்கள்? தலைமுறை தலைமுறையாக அந்த வழியில் வியாபாரத்துக்குப் போய்வந்தவர்கள் அவர்கள். கனத்த புதுப்பனி, சுடச்சுட அதன்மேல் தெற்குக் காற்று என்ற சேர்க்கையின் அர்த்தம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பனியியல் அதே சேர்க்கையைத்தான் எண்களில் சொல்கிறது.

சிமெண்ட் பனி

பசிபிக் கடலின் ஈரக்காற்று நேராக வந்து மோதுகிற முதல் சுவர் இந்த மலைகள். அலாஸ்காவிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா வழியாக வாஷிங்டன் மாநிலத்தின் கேஸ்கேட் மலைகள் வரை இதே கதை. எவ்வளவு பனி விழும் என்பதற்கு ஒரே ஓர் எண் போதும். கனடா எல்லையை ஒட்டிய பேக்கர் மலையின் பனிச்சறுக்குத் தளத்தில் 1998-99 பருவத்தில் 1,140 அங்குலம் பதிவானது. ஏறத்தாழ 29 மீட்டர். ஒரு பருவப் பனிப்பொழிவில் அது உலக சாதனையாகப் பதிவானது.

இந்தப் பனி கனமானது. கடல் பக்கத்துச் சறுக்கு ஆட்கள் இதைச் செல்லமாகவும் அலுப்பாகவும் 'சிமெண்ட்' என்பார்கள். உள்நாட்டு ராக்கி மலைகளின் பனி நேர்மாறு, ஊதினால் பறக்கும். அங்கே பனி ஆழம் குறைவு, காற்றோ மைனஸ் 20, 30 என்று போகும். அடியில் தரை ஏறக்குறைய பூஜ்யத்திலேயே இருக்கும். மேலே கடுங்குளிர், கீழே இளஞ்சூடு என்ற இழுபறியில் பனியின் அடிப்பகுதி ஒட்டாத சர்க்கரைப் பரல்களாக மாறிவிடும். அந்தப் பரல் அடுக்கின்மேல் உட்கார்ந்த பனிப்பலகை எப்போது வேண்டுமானாலும் வழுக்கும். ஒரு கெட்ட அடுக்கு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

கரையோரத்தில் பனி மீட்டர்கணக்கில் தடிமன், குளிரும் மிதம். அதனால் மேலுக்கும் கீழுக்கும் அவ்வளவு இழுபறி கிடையாது. புயல் விட்ட ஒன்றிரண்டு நாளில் புதுப்பனி அமுங்கி, பழைய பனியோடு ஒட்டிக்கொள்ளும். ஆர்க்டிக் குளிர்க்காற்று உள்ளே புகுந்து சில வாரம் தங்கிய ஆண்டுகளில் இங்கேயும் சர்க்கரை அடுக்கு உருவாகும் என்றாலும் அது விதிவிலக்கு. "கரையோரப் பனியை நம்பலாம்" என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான். குளிர்காலத்துக்கு அது பெரும்பாலும் சரி.

வசந்தத்தில் அந்த நம்பிக்கையின் மறுபக்கம் தெரியவரும். ஒரு கிலோ பனியை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 2.1 கிலோஜூல் போதும். மைனஸ் 15-ல் இருக்கும் உள்நாட்டுப் பனியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர 30 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். கரையோரப் பனி குளிர்காலம் முழுக்க மைனஸ் 2, 3 என்று உருகுநிலையின் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஐந்தாறு கிலோஜூல் சேர்ந்தால் போதும், மேலிருந்து அடி வரை மொத்த அடுக்கும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் வருகிற ஒவ்வொரு துளி வெப்பமும் நேராக உருக்கும் வேலைக்குத்தான் போகும். உள்நாட்டு மலைக்கு உள்ள அந்தக் குளிர் கையிருப்பு கரையோர மலைக்குக் கிடையாது.

பிடித்தால் பிடிபட வேண்டும்

இனி நடப்பதைப் புரிந்துகொள்ளப் புட்டு அவித்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. வறுத்த மாவு கையில் நிற்காது, விரலிடுக்கில் வழியும். தண்ணீர் தெளித்துப் பிசிறினால் ஒரு பதம் வரும்; பிடித்தால் பிடிபடும், உதிர்த்தால் உதிரும். அதற்குமேல் ஒரு கை தண்ணீர் கூடிப்போனால் மாவு களியாகும். அப்புறம் கூழ்தான்.

பனியும் அப்படியே. வறண்ட பனியில் பரல்களை இணைப்பது மெல்லிய பனிக்கழுத்துகள். கொஞ்சம் ஈரம் ஊறினால், அதாவது கொள்ளளவில் 3 சதவீதத்துக்குள் தண்ணீர் இருந்தால், பரல்களுக்கு நடுவே நீர்ப்படலம் பசைபோல் இழுத்துப் பிடிக்கும். குழந்தைகள் பனிப்பந்து பிடிப்பதும் பனிமனிதன் செய்வதும் இந்தப் பதத்தில்தான். 8 சதவீதத்தைத் தாண்டும்போது பரல்களின் கழுத்துகள் கரைகின்றன. கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரல் வழியாகத் தண்ணீர் சொட்டும். அந்தப் பனி சரிவில் தன் எடையையே தாங்காது. 30 பாகைக்கு மேல் சாய்ந்த இடத்தில் ஒரு மரக்கிளையிலிருந்து விழுகிற பனிக்கட்டி போதும், அது ஓர் உருண்டையாகி, உருண்டை விசிறிபோல் விரிந்து, வழியிலுள்ள ஈரப்பனியையெல்லாம் வாரிக்கொண்டு போகும்.

அந்த உருண்டைகள்தான் மலை கொடுக்கும் முதல் தகவல். காலை பத்து மணிக்குச் சரிவில் எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை உருண்டு வந்து கோடு போட்டிருக்கும். பதினொன்றுக்குத் தேங்காய் அளவு. பாறைக்குக் கீழே, மரத்தடியில், கறுப்பாக எது துருத்திக்கொண்டிருக்கிறதோ அதன் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். கறுப்பு வெயிலைக் குடிக்கும், வெள்ளைப் புதுப்பனி பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். உங்கள் பூட்ஸ் கணுக்கால் வரை இறங்க ஆரம்பித்தால் பதம் தப்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முழங்கால் வரை இறங்கினால் நீங்கள் ஏற்கெனவே தாமதம்.

இதைவிடப் பொல்லாதது கண்ணுக்குத் தெரியாத வேலை. உருகிய தண்ணீர் பனிக்குள் நேராகக் கீழே இறங்கிவிடாது. குளிர்காலத்தில் மழை பெய்து உறைந்த பொருக்கு ஒன்று நடுவில் இருந்தால் அதன்மேல் தேங்கும். மென்பரல் அடுக்குக்குக் கீழே பெரும்பரல் அடுக்கு வந்தாலும், துணியிலிருந்து சொட்ட மறுக்கிற தண்ணீர்போல எல்லையிலேயே நின்றுவிடும். தேங்கிய இடத்தில் பிடிமானம் கரையும். அப்புறம் மேலே உள்ள மொத்தப் பனியும் பலகையாக வழுக்கும். குளிர்காலம் முழுக்கக் குளிரில் இருந்த ஓர் அடுக்கை முதல்முறையாகத் தண்ணீர் நனைக்கிற நாள்தான் பருவத்திலேயே மோசமான நாள். அதே சரிவில் நாலைந்து முறை உருகி உறைந்த பிறகு, தண்ணீர் தனக்கென வாய்க்கால் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வடிந்துவிடும். மார்ச்சில் 10 டிகிரி வெப்பம் மலையையே கொட்டிவிட, மே மாதத்தில் அதே 10 டிகிரிக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பதன் காரணம் இது. வெப்பமானி ஒரே எண்ணைக் காட்டும். கேட்கவேண்டியது, இந்தப் பனிக்கு இது எத்தனையாவது நனைப்பு என்பதை.

இரவில்தான் கணக்கு தீர்கிறது

வசந்தகாலத்தில் மலையேறுகிறவர்கள் பகல் வெப்பத்தைவிட முந்தின இரவைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். இரவில் பனி உறைந்தால் பகலில் கரைந்த கழுத்துகள் மறுபடி இறுகும். விடியற்காலை ஐந்தரைக்கு அந்தப் பனியில் நடந்தால் சிமெண்ட் தரையில் நடப்பதுபோல் டக் டக்கென்று கேட்கும். பூட்ஸில் இரும்பு முள் மாட்டாமல் நிற்க முடியாது. அந்த நேரத்தில் அதே சரிவு கிட்டத்தட்ட ஆபத்தே இல்லாதது. வழுக்கி விழுந்து உருளலாம் என்பதைத் தவிர. மதியம் ஒரு மணிக்கு அது வேறு மலை.

உறைவதற்கு வானம் திறந்திருக்க வேண்டும். நட்சத்திரம் தெரிகிற இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை ஆகாயத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். காற்று 2, 3 டிகிரியில் இருக்கும்போதே பனியின் தோல் உறைந்துவிடும். மேகம் மூடினால் அது போர்வை. காற்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தும் பனி ஈரமாகவே கிடக்கும். ஒரு கிலோ தண்ணீர் உறைய 334 கிலோஜூல் வெளியே போக வேண்டும், அதனால் நல்ல இரவிலும் பொருக்கு சில சென்டிமீட்டர்தான் கட்டும். மூன்று இரவு தொடர்ந்து மேகமூட்டம் என்றால் அந்தப் பொருக்கும் இல்லை, காலையிலேயே கூழ். வெயில் அடிக்காத, மந்தமான, "இன்றைக்குப் பரவாயில்லை" என்று தோன்றும் அந்த நாள் உண்மையில் மோசமான நாள்.

சூரியனின் கணக்கும் பலர் நினைப்பதைவிடக் கடுமை. வான்கூவர் ஏறத்தாழ 49 பாகை அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே உச்சிவேளைச் சூரியன் அடிவானத்துக்கு மேலே 17 பாகைதான் ஏறும். ஏப்ரல் 20 வாக்கில் 52 பாகைக்கு மேல். தெற்கே பார்த்த 37 பாகைச் சரிவு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிச்சரிவுக்குப் பேர்போன சாய்வும் அதுதான். அதன்மேல் ஏப்ரல் மதிய வெயில் ஏறக்குறைய செங்குத்தாக, நம் ஊர் உச்சிவெயில்போல் விழுகிறது. அதே மலையின் வடக்குப் பக்கத்தில் அதே சாய்வை வெயில் உரசிக்கொண்டு மட்டும் போகும். அங்கே இன்னும் பிப்ரவரி நடக்கிறது. முதலில் கிழக்குச் சரிவு இளகும், பிறகு தெற்கு, மாலையில் மேற்கு. கடிகார முள்போலச் சுற்றி வரும் இந்த வரிசையைப் பார்த்துத்தான் வழியைத் திட்டமிட வேண்டும். மேலே போனது எந்த வழி என்பதைவிட எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள் என்பது முக்கியமாகிவிடுகிறது.

மழை

வெயில் மெதுவாகச் செய்வதை மழை நிமிடங்களில் செய்யும். ஹவாய்ப் பக்கமிருந்து வருகிற வெப்ப ஈரக்காற்று ஆற்றை இங்கே 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்பார்கள். அது வந்தால் உறைமட்டம், அதாவது எந்த உயரத்துக்கு மேல் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதோ அந்தக் கோடு, ஒரே நாளில் கடல் மட்டத்துக்குச் சற்று மேலிருந்து 2,500 மீட்டருக்குத் தாவிவிடும். நேற்றுவரை பனி விழுந்த இடத்தில் இன்று மழை. தூள் பனியின்மேல் முதல் மழைத்துளி விழுந்த சில நிமிடங்களிலேயே சரிவுகள் தொடங்குவதைக் கேஸ்கேட் மலைகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் அடுக்குக்குள் இறங்கவே அவகாசமில்லை. மேற்பரப்பு இளகிய உடனே சமநிலை போய்விடுகிறது.

அமெரிக்க வரலாற்றில் மிக அதிக உயிர்களைக் கொன்ற பனிச்சரிவு இப்படித்தான் வந்தது. 1910 பிப்ரவரி கடைசியில், வாஷிங்டன் மாநிலத்தின் வெலிங்டன் ரயில் நிலையத்தில் இரண்டு ரயில்கள் பனியில் சிக்கி நாள்கணக்கில் நின்றன. மேலே இருந்த சரிவில் காட்டுத்தீயில் மரங்கள் எரிந்துபோயிருந்தன. கொட்டித் தீர்த்த பனி கடைசியில் மழையாக மாறியது, இடி மின்னல் வேறு. மார்ச் 1 அதிகாலை ஒரு மணிக்குப் பிறகு மலைச்சரிவு மொத்தமாக இறங்கி இரண்டு ரயிலையும் பள்ளத்தாக்கில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டதால் ஊரின் பெயரையே டை என்று மாற்றினார்கள். 1929-ல் 12 கிலோமீட்டருக்கு மேல் நீளமான புதுச் சுரங்கப்பாதை திறந்ததும் அந்தத் தண்டவாளமே கைவிடப்பட்டது.

ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சி இருக்கிறதல்லவா. பனிச்சரிவுக்கான ஆங்கிலச் சொல்தான் அந்தப் பெயர். பனியே சரியாத மலையில், பெரிய நிலச்சரிவு ஒன்றை வைத்து வெள்ளைக்காரர்கள் சூட்டியது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் அங்கேதான். பெயரைத் தப்பாக வைத்துவிட்டார்கள் என்று முன்பு நினைத்ததுண்டு. ஈரப் பனிச்சரிவின் இடிபாடுகளைப் பக்கத்தில் நின்று பார்த்தபின் அப்படித் தோன்றவில்லை. சேறு, கல், வேரோடு பிடுங்கிய மரம், அழுக்கு வெள்ளைக் கட்டிகள் எல்லாம் கலந்து கிடக்கும். அது நிலச்சரிவின் தம்பியேதான்.

சாலையும் மின்கம்பியும் போகிற இடத்தில் இந்தத் தம்பி யாரும் மலைக்குப் போகாமலேயே வீட்டுக்குள் வருவான். 2008 ஏப்ரல் 16 அன்று அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவுக்கு நீர்மின்சாரம் கொண்டுவரும் ஸ்னெட்டிஷம் கம்பித்தடத்தின் கோபுரங்களைப் பனிச்சரிவு சாய்த்தது. நகரம் டீசல் மின்சாரத்துக்கு மாறியது. கட்டணம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கானது. துணி உலர்த்தும் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கொடியில் துணி காயப்போட்டு, விளக்கணைத்து, சில வாரங்களில் ஊர் தன் மின் செலவைக் கால் பங்குக்கு மேல் குறைத்தது. பனிச்சரிவு பற்றிய பேச்சில் மின்கட்டண ரசீது வருவது அபூர்வம்தான்.

இறவாரம்

உச்சிகளின் விளிம்பில் காற்று பனியை ஒட்டவைத்து ஒட்டவைத்து வெளியே நீட்டிவிடும். ஓட்டு வீட்டு இறவாரம் சுவரைத் தாண்டித் துருத்திக்கொண்டிருப்பதுபோல், அடியில் ஒன்றுமே இல்லாமல் பல மீட்டர் வெளியே நிற்கும். கார்னிஸ் என்பார்கள். மேலிருந்து நடந்து வருகிறவருக்கு அது இறவாரம் என்றே தெரியாது; தட்டையான வெள்ளை மொட்டைமாடி, எதிரே கடல், படம் எடுக்கப் பொருத்தமான இடம். குளிர்காலத்தில் வளர்ந்தது வசந்தத்தில் இளகித் தொங்கும். ஒடியும்போது விளிம்பில் ஒடிவதில்லை. பாறை எங்கே முடிகிறதோ அதற்கும் பின்னால், நீங்கள் கெட்டியான தரை என்று நம்பி நிற்கும் இடத்தில் பிளக்கும்.

2017 ஏப்ரல் 8 அன்று, வான்கூவருக்கு வடக்கே லயன்ஸ் பே ஊருக்கு மேலே உள்ள ஹார்வி மலை உச்சியில், பனியில் புதையாமல் நடக்க உதவும் ஸ்னோஷூ போட்டு ஏறிய ஒரு குழுவினர் நின்றிருந்த இறவாரம் ஒடிந்தது. ஐந்து பேர் வடக்கு முகத்தில் பல நூறு மீட்டர் கீழே விழுந்து இறந்தார்கள். சற்றுப் பின்தங்கி வந்த ஒருவர் உச்சிக்கு வந்து பார்த்தபோது காலடித் தடங்கள் விளிம்பு வரை போய் நின்றிருந்தன. கீழே அந்த மலையடிவாரத்தில் நெடுஞ்சாலையும் கடலும்.

வழுவழுப்பான பாறையின்மேல் மொத்தப் பனியும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்ந்து, கறுப்பு வாய்போல் விரிசல் விடுவதும் உண்டு. அது எப்போது விழும் என்று நிபுணர்களாலும் சொல்ல முடியாது; வெடி வைத்தாலும் விழாமல் நின்று, மறுவாரம் நள்ளிரவில் தானாக விழும். அதற்கு ஒரே வைத்தியம், அதன் கீழே நின்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் இருப்பது.

பத்து நிமிடம்

ஈரப் பனிச்சரிவு மெதுவாகத்தானே வருகிறது, ஓடிவிடலாம் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தூள் பனிச்சரிவோடு ஒப்பிட்டால் மெதுவுதான். ஆனால் காலைப் பிடித்துவிட்டால் விடாது. நின்ற கணத்தில் இறுகிவிடும். கையை முகத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஓடைப் பள்ளத்துக்குள்ளோ மரங்களுக்கு நடுவிலோ தள்ளினால் சின்னச் சரிவே போதும்.

புதைந்தவர்களில் முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டோர் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்ததாகவும், அதற்கு மேல் வாய்ப்பு மளமளவென்று சரிவதாகவும் 2024-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு சொன்னது. கனடாவின் பதிவுகளை வைத்து 2011-ல் வந்த ஆய்வில் அந்தச் சரிவு இன்னும் விரைவாகவே தொடங்குகிறது, அதிலும் கனத்த கரையோரப் பனியில். காற்று புகாத பனி, மோதுவதற்கு மரங்கள். வான்கூவரில் 1965 முதல் இயங்கும் நார்த் ஷோர் ரெஸ்க்யூ என்ற தன்னார்வ மீட்புக் குழு உலகத் தரமானது, ஹெலிகாப்டரோடு வரும். பத்து நிமிடத்தில் வர முடியாது. கூட வந்தவரின் கையில், புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் பீக்கன் கருவியும் துழாவும் கம்பியும் மண்வாரியும் இருக்கிறதா என்பதில்தான் உயிர் தொங்குகிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வெறும் சுமை.

முன்னறிவிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரெவல்ஸ்டோக் நகரத்திலிருந்து இயங்கும் அவலாஞ்ச் கனடா அமைப்பு பருவம் முழுக்க நாள்தோறும் அறிக்கை தருகிறது. ஆபத்துக்குக் குறைவு, மிதம், கணிசம், அதிகம், அதீதம் என ஐந்து படிகள். உச்சிப் பகுதி, மர எல்லை, காட்டுப் பகுதி என மூன்று உயரங்களுக்குத் தனித்தனியாக. அருமையான வேலை. ஆனாலும் வசந்தத்தில் ஒரு நாளுக்கு ஓர் எண் என்பது இட நெருக்கடியில் எழுதிய கடிதம் மாதிரி. 'மிதம்' என்று போட்டிருக்கும் நாளில் காலை ஆறு மணிக்குக் குறைவாகவும் மதியம் இரண்டுக்கு அதிகமாகவும் இருக்கலாம். எண்ணுக்குக் கீழே எழுதியிருக்கும் இரண்டு பத்தியில்தான் சரக்கு: இரவு உறையுமா, உறைமட்டம் எங்கே, எந்தத் திசைச் சரிவு. பெரும்பாலோர் ஆபத்துப் படியின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள்.

அந்த நாள்தோறும் வரும் அறிக்கையும் ஏப்ரல் முடியும் தறுவாயில் பெரும்பாலான பகுதிகளுக்கு நின்றுவிடும். பனி நிற்பதில்லை. சீமோரில் ஜூன் வரை கிடக்கும். உயரமான மலைகளில் ஜூலையிலும். நாள்கள் நீண்டு, வெயில் ஏறி, கூட்டம் கூடுகிற சமயத்தில் எண் சொல்ல ஆள் இல்லை.

அந்த வாரங்களில் நான் செய்வது எளிய வேலை. முந்தின இரவு படுக்கப் போகுமுன் மாடத்துக்கு வந்து வானத்தில் நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். விடியற்காலை மலை நிறுத்துமிடத்தில் காரை விட்டு இறங்கியதும், முதலில் ஓரத்தில் தேங்கிய தண்ணீரைக் காலால் தட்டிப் பார்ப்பேன். பிறகு பனியின்மேல் ஏறிக் குதிகாலால் ஓர் உதை. குட்டை மட்டும் உறைந்திருந்து பனி இளகிக் கிடந்த நாளும் உண்டு, குட்டை உறையாமல் பனி இறுகிக் கிடந்த நாளும் உண்டு, அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். சென்ற முறை குதிகால் சதக்கென்று கணுக்கால் வரை போனது. மணி ஆறேகால். பிளாஸ்கில் கொண்டுபோன டீயை அங்கேயே நின்று குடித்துவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். "அதற்குள்ளாகவா?" என்று கேட்டார்கள்.